அண்ணை விட்டுப்போன கீழ்ப்பங்கு

டெக்சாஸில் காணி வாங்கியிருக்கிறேன் என்று என் அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார். எத்தனை பரப்பு, வீடு இருக்கிறதா, கிணறு இருக்கிறதா என்று நான் அடுக்கிக் கேட்டேன். மேல் எங்களுடையது இல்லை, கீழ் மட்டும்தான் எங்களுடையது என்றார். அண்ணை எதையும் நேராகச் சொல்லுகிற ஆள் இல்லை. சின்ன வயதிலிருந்தே என்னைப் பகிடி பண்ணிப் பொழுதுபோக்கியவர். இதுவும் அப்படி ஒரு கதை என்று நினைத்து, கீழ்க்காணிக்கு வேலி எப்படி அடைக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு, ஒரு நாள் இது உனக்கு உதவும் என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றினார். நானும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அண்ணை படிக்கப் போன இடத்திலேயே தங்கிவிட்டவர். எண்ணெயும் கேஸும் தோண்டுகிற கம்பெனி ஒன்றில் நிலப்படம் வரைகிற வேலை. கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால், படத்தில் இன்னும் இடம் ஒதுக்கவில்லை என்பார். என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு என்னையும் மகளையும் நாட்டிலிருந்து எடுத்து, லண்டனில் இறக்கிவிட்டவர் அவர்தான். இல்ஃபோர்ட்டில் இந்த வீட்டில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு நான் இதை எழுதுகிறேன் என்றால் அது அவரால்தான். உதவி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், கடமை என்று சொல்லு என்பார். அவர் கடமை என்று வைத்திருந்ததை நான் நன்றி என்று வைத்திருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் போனேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. தமிழ் எழுதுவேன், ஆறுதலாக எழுதினால் பிழை குறையும். இங்கிலிஷ், பஸ் நம்பருக்கும் கடைப் பலகைக்கும் காணும். மிச்சத்துக்கு மகள் இருக்கிறாள். அவள் பெரிய ஒஃபிஸ் ஒன்றில் கணக்காளர்.

அண்ணை நித்திரையிலேயே போய்விட்டார். என் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் அவ்வளவு தூரம் பிளேனில் ஏலாது என்று டொக்டர் மறித்துவிட்டார். மகள் போய் எல்லாம் செய்தாள். நான் இங்கே குசினி மேசையில் போனை நிமிர்த்தி வைத்து, அதில் பார்த்தபடி அண்ணையை வழியனுப்பினேன். சில மாதம் கழித்து, அங்கே ஒரு லோயர் மகளுக்கு எழுதினார். உங்கள் மாமாவின் பேரில் ஒரு காணி உரித்து இருக்கிறது, அவர் மரணசாசனம் எழுதாதபடியால் உயிரோடு இருக்கிற ஒரே சகோதரிக்குத்தான் அது சேரும் என்று.

மகள் கொம்பியூட்டரில் அந்த இடத்தை எடுத்து எனக்குக் காட்டினாள். மேலேயிருந்து எடுத்த படம். மண் நிறத்தில் பெரிய வெளி, நடுவில் ஒரு தகரக் கூரை, பக்கத்தில் ஒரு மரம், வட்டமாக ஒரு தண்ணீர்த் தொட்டி, வாசலில் ஒரு சிவப்பு வாகனம்.

"ஆர் இது எங்கட காணிக்குள்ள வீடு கட்டி இருக்கிறது?" என்று கேட்டேன்.

வேறு எப்படிக் கேட்பேன்? எங்கள் சனத்துக்குத் தங்கள் காணியில் தெரியாத கூரை ஒன்று தெரிந்தால் வருகிற முதல் நினைவு அதுதான். என் சித்தப்பா வீட்டில் வேறு ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டதை நான் றோட்டில் நின்று பார்த்திருக்கிறேன். அண்ணை இல்லாத நேரம் பார்த்து ஆரோ புகுந்துவிட்டார்கள், அங்கே இருக்கிற பொலிசுக்கு இப்போதே எழுது என்று மகளுக்குச் சொன்னேன். அவள் முதலில் விளங்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மாமா உங்களுக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் அம்மா, மேல் எங்களுடையது இல்லை என்றாள்.

அப்போதுதான் எனக்கு விபரம் தெரிந்தது. அந்த நாட்டில் ஒரு காணியின் மேலையும் கீழையும் வேறு வேறு ஆளுக்கு விற்கலாமாம். வெகு ஆழத்தில் அடுக்கடுக்காக ஒரு கல், ஷேல் என்று பேர். அந்தக் கல்லுக்குள் கேஸ் அடைபட்டுக் கிடக்கிறது. கீழே நேராகத் துளைத்து, பிறகு படுக்கையாகத் திருப்பி, தண்ணீரை அடித்துக் கல்லை வெடிக்க வைத்து அதை எடுப்பார்கள். அந்தக் கீழ்ப்பக்கத்து உரித்துக்கு மினரல் றைற்ஸ் என்று பேர். அண்ணை வரைந்த படங்களிலே இந்த இடம் வந்திருக்க வேண்டும். கூட வேலை செய்த ஒருவர் விற்றபோது வாங்கியிருக்கிறார்.

இது கொஞ்சம் சிக்கலான விசயம் அம்மா, நான் பார்க்கிறேன் என்று மகள் சொன்னாள். அதில் என்ன சிக்கல் என்று நான் கேட்டேன். எனக்குச் சீதனமாகத் தந்த வளவுக்குள் கிணறு இல்லை. கிணறு நின்றது அடுத்த வளவுக்குள். என் காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்று தெளிவாக எழுதியிருந்தது. நிலம் அவர்களுடையது, அடியில் ஊறுகிற தண்ணீரில் எனக்குப் பங்கு. அவர்கள் வளவுக்குள்ளால் நான் போய் அள்ளுவேன், அவர்கள் மறிக்கக் கூடாது. இதுவும் அதுதானே?

மகள் கொஞ்சம் யோசித்தாள். ஓம் அம்மா, கிட்டத்தட்ட அதுதான் என்றாள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறதாம். அங்கே கீழ்ப்பங்குக்காரரின் கைதான் மேல். தன் பங்கை எடுக்க அவர் மேல்காணியில் எங்கே தேவையோ அங்கே இயந்திரம் இறக்கலாம், றோட்டுப் போடலாம். மேலே குடியிருக்கிறவர் மறிக்க ஏலாது. அதை அவள் விளக்கியபோது அந்தத் தகரக் கூரையை இன்னொரு தரம் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் என் அண்ணைக்குத் தங்கை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று இல்லையே. அமெரிக்காவில் அண்ணையின் சொந்தப் பேர் கடைசிப் பேராகிவிட்டது. எனக்கு இங்கே என் வீட்டுக்காரரின் பேர் கடைசியில் நிற்கிறது. கடதாசியில் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் வழியில்கூடக் கண்டிராத ஆட்கள். எங்களைச் சின்ன வயதிலேயே தெரிந்த, இந்த விசயத்தில் ஒரு லாபமும் இல்லாத இரண்டு பேர் சத்தியக் கடதாசி தரவேண்டும் என்றார் லோயர். ஒருவர் சவுத்தாலில் இருக்கிற என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. மற்றவர் பிளேஸ்டோவில் இருக்கிற, அண்ணையோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அவர் பொல்லை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறி வந்து, சொல்ல வேண்டியதெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடப் போன நேரத்தில் பேனையைத் தூக்கிப் பிடித்தார்.

"உன்ட கொண்ணன் என்னட்ட வாங்கின சைக்கிள் பம்பை இன்னும் தரேல்லை. அதையும் இதில எழுதட்டோ?"

"எழுதினால் நீங்கள் லாபமில்லாத சாட்சி இல்லை, மாமா," என்றாள் மகள்.

அவர் பம்பை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். இந்த வயதில் என் தலையைத் தடவ லண்டனில் எனக்கு ஓர் ஆள் இருந்தார் என்பதை நான் மறக்கவில்லை.

உரித்து என் பேருக்கு வந்தது. வந்தவுடன் கடிதங்களும் வரத் தொடங்கின. உங்கள் கீழ்ப்பங்கை முழுதாக எங்களுக்கு விற்றுவிடுங்கள் என்று முன்பின் தெரியாத ஆட்கள் எழுதினார்கள். ஒருவர் காசோலையையே சேர்த்து அனுப்பியிருந்தார். அதை பாங்கில் மாற்றினால் விற்றதாக அர்த்தமாம். மகள் அதைக் கிழித்துப் போட்டாள். அண்ணை வைத்திருந்ததை விற்பதில்லை, குத்தகைக்குக் கொடுக்கலாம் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்.

பிறகு ஒரு கம்பெனி ஆள் போனில் வந்தார். நல்ல மரியாதையான குரல். நான் சொல்வதை மகள் மொழிபெயர்த்து முடிக்கும்வரை பொறுமையாக இருப்பார். அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் குத்தகை எடுக்கிறோம், உங்கள் பங்கு மட்டும்தான் மிச்சம், எடுக்கிற கேஸில் உங்களுக்கு இவ்வளவு பங்கு, கையெழுத்துக்கு ஒரு முற்பணம் என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஒரு வரைபடமும் அனுப்பினார். அதை மகள் பெரிய தாளில் அச்சடித்து மேசையில் விரித்தாள். படம் பார்க்க எனக்கு எழுத்து வேண்டாம். கூரை தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம். கூரைக்கும் வட்டத்துக்கும் கிழக்கே, ஒட்டினாற்போல் ஒரு பெரிய சதுரம் கோடு போட்டிருந்தது.

சதுரம் இயந்திரம் நிற்கப்போகிற இடம். மட்டமான நிலம், அதுதான் அவர்களுக்கு வசதி. வட்டம் என்ன என்று கேட்டேன். அது மேலே இருக்கிறவர் குடிக்கிற கிணறு என்றாள் மகள்.

ஊரில் எங்கள் வீட்டையும் ஒரு படத்தில் கோடு போட்டுத்தான் எடுத்தார்கள். ஆமி முகாமுக்குத் தேவை என்று எடுத்தது. கோடு போட்டவர் எங்கள் வளவைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். வேறு எங்கேயோ ஒரு மேசையில் இருந்து போட்டிருப்பார். எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எடுத்திருப்பார்கள்தான். ஆனால் கேட்கவில்லை என்பது எனக்கு வீடு போனதைவிடக் கூட நாள் நெஞ்சில் கிடந்தது. இப்போது இல்ஃபோர்ட்டில் ஒரு மேசையில் இருப்பது நான்.

"மேல இருக்கிற ஆளைக் கேட்டனீங்களோ எண்டு கேள் பிள்ளை," என்றேன்.

மகள் கேட்டாள். சட்டப்படி கேட்கத் தேவையில்லை, தொடங்க முன்னம் அறிவிப்போம், நட்டத்துக்கு ஏதாவது கொடுப்போம் என்று கம்பெனி ஆள் சொன்னார். கேட்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். மகள் போனை மூடிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. ஒரு பங்கை விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முன்னம் மற்றப் பங்குக்காரரிடம் போய்ச் சொல்லவேண்டும். சொல்லாமல் செய்தால் வழக்கு வரும், வழக்கு வராவிட்டாலும் முகம் பார்க்க ஏலாது. அது மகளுக்கும் தெரியும்.

"அது யாழ்ப்பாணத்துச் சட்டம் அம்மா. இது டெக்சாஸ்."

"பங்கு எண்டால் எங்கயும் பங்குதான்."

மகளுக்கு என் மேல் கோபம் இல்லை, பயம். கம்பெனி எங்கள் பங்கை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டால், மாமா இவ்வளவு காலம் பொத்திவைத்தது சும்மா கிடந்து போய்விடும் என்று பயம். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் உனக்கு உதவும் என்று அண்ணை சொன்னதை என் பிடிவாதத்தால் நான் கெடுத்துவிட்டேன் என்று வரக்கூடாது. ஆனாலும் அந்தச் சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் என் கையெழுத்து விழ நான் விடவில்லை.

லோயர் மேல்காணிக்காரரின் போன் நம்பரை எடுத்துத் தந்தார். என்னைவிடக் கொஞ்சம் வயது குறைந்த ஓர் அம்மா, புருசன் இல்லை, மாடு வைத்திருக்கிறார் என்று சொன்னார். எங்கள் பின்னேரம் அவர்களுக்கு மத்தியானம். மகள் எடுத்தாள். அந்த அம்மா, நான் ஒன்றும் விற்கிறதும் இல்லை வாங்கிறதும் இல்லை என்று சொல்லி வெட்டிவிட்டார். அடுத்த நாள் மகள் சுத்தி வளைக்காமல், உங்கள் காணிக்குக் கீழ் இருக்கிற பங்கு என் அம்மாவுடையது, அவ உங்களிடம் ஒன்று கேட்க வேண்டுமாம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். மறுபக்கம் ஒரு நாய் குரைத்தது கேட்டது.

"என்ன கேக்கப்போறீங்கள் எண்டு கேக்கிறா, அம்மா."

"கிணத்தடியில கம்பெனி இயந்திரம் வைக்கப்போகுதாம். அவவுக்கு அது சம்மதமோ எண்டு கேள்."

மகள் கேட்டாள். அந்த அம்மா கதைக்கத் தொடங்கினார். நிறைய நேரம் கதைத்தார். மகள் இடையில் ஓம் ஓம் என்று தலையை ஆட்டினாளே தவிர எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னாள். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவர் அந்த வீட்டில்தான் இருக்கிறாராம். மழை பொய்த்த ஒரு காலத்தில் மேலைக் காப்பாற்றுவதற்காக மாமனார் கீழை விற்றாராம். அதற்குப் பிறகு அது எத்தனையோ கை மாறியதாம். அவரை ஒருவரும் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லையாம்.

"தான் வேண்டாம் எண்டு சொன்னால் நீங்கள் விடுவியளோ எண்டு கேக்கிறா."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

"விடமாட்டன் எண்டு சொல்லு. அது என்ட அண்ணை எனக்கு விட்ட பங்கு. ஆனால் எந்தப் பக்கத்தால வாறது எண்டதை அவ சொல்லட்டும்."

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மறுபக்கம் ஒரு சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. சரி, இப்போது எனக்கு நிலைமை தெரியும் என்றாராம். கிணற்றுப் பக்கம் வேண்டாம், மாடுகள் தொட்டிக்குப் போகிற பாதை வேண்டாம், மேற்கே பக்கத்துக் காணிக்காரரின் வைக்கோல் வெளிப் பக்கத்தால் வந்தால் தனக்கு ஒரு சொல்லும் இல்லை என்றார். தன் மருமகனும் அந்த இயந்திரங்களில்தான் வேலை, அந்த ஊரில் பாதிச் சனத்துக்கு அதில்தான் சோறு, தான் கேஸுக்கு எதிரி இல்லை, தன் கிணற்றை நினைத்துத்தான் பயம் என்றார். கடைசியில், உங்களுக்குக் கிணறு இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். பங்கு இருந்தது என்று சொல்லச் சொன்னேன்.

லோயருக்கு நாங்கள் எங்கள் நிபந்தனையைச் சொன்னோம். அதற்கு அங்கே வழி இருக்கிறதாம். மேல்காணியில் ஒருவரும் கால் வைக்கக்கூடாது, வேறு காணியில் நின்று துளைத்துக் கீழால் படுக்கையாக வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று குத்தகையிலேயே எழுதலாமாம். கம்பெனி ஆளுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்துக் காணிக்காரரோடு புதிதாகப் பேசவேண்டும், செலவு கூடும், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு சத்தமே இல்லை.

வாரங்கள் போயின. மகள் அந்த நாட்களில் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. காலையில் தேத்தண்ணி வந்தது, கதைதான் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. ஒரு நாள் வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து இருந்து, கம்பெனி வராவிட்டால் வராவிட்டதுதான் அம்மா, எங்களுக்கு இங்கே என்ன குறை என்றாள். அந்தச் சொல்லுக்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டவள். அவள் என் பக்கம் வந்து சேர்ந்தது கம்பெனி சம்மதிக்க முன்னம், அதற்குப் பிறகு இல்லை.

கம்பெனியும் வந்தது. பக்கத்துக் காணிக்காரர் வைக்கோல் வெளியைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம். முற்பணத்தைக் குறைத்தார்கள். குறையட்டும் என்றோம்.

கையெழுத்தை இங்கே, பத்திரங்களை அத்தாட்சிப்படுத்துகிற ஒரு நொத்தாரிசுக்கு முன்னால் போடவேண்டும். எலிசபெத் லைன் ரெயினில் ஏறி நகரத்துக்குள் போனோம். நொத்தாரிசு என் வயது இருக்கும், மெல்லிய ஆள். மகளைத் தூரத்துக் கதிரையில் இருத்திவிட்டார். மகள் சொல்லிக்கொடுத்து நான் போடுவதாக இருக்கக்கூடாதாம். அதற்காகவே மொழிபெயர்க்க ஒரு பிள்ளையைக் கூப்பிட்டிருந்தார். இந்தியத் தமிழ்ப் பிள்ளை. நான் ஓம் என்றால் அவள் ஆமா என்பாள். நல்ல பிள்ளை. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் சொந்த வாயால் சொல்லுங்கள் என்று அவர் கேட்டார்.

"கீழ இருக்கிறது என்ட அண்ணையின்ட பங்கு. இப்ப என்ட. அதைக் குத்தகைக்குக் குடுக்கிறன், விக்கேல்லை. மேல இன்னொரு அம்மா இருக்கிறா. அவவின்ட காணியில ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. வைச்சால் குத்தகை இல்லை."

அந்தப் பிள்ளை மொழிபெயர்த்தாள். நொத்தாரிசு தாள்களைப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்து வாசித்து, தலையை ஆட்டினார். பேனையைத் தந்தார். நான் கைநாட்டு வைக்கிற ஆள் இல்லை. என் பாஸ்போட்டில் இருப்பது போல என் பேரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேல் ஏறாமல் எழுதினேன். அவர் அவசரப்படுத்தாமல், நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதருக்கும் என் நன்றி உண்டு.

வேலை தொடங்கியபோது மேல்காணி அம்மாவே போன் எடுத்தார். இப்போது நாங்கள் ஒருவரை ஒருவர் எடுப்பது வழக்கமாகிவிட்டது. லொறிகள் கேற்றைத் தாண்டிப் பக்கத்து வெளிக்குள் போகின்றன, என் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை என்றார். பிறகு இரைச்சல் கூடிவிட்டது, இராவெல்லாம் பகல் மாதிரி வெளிச்சம், நாய் வீட்டுக்கு அடியில் போய்க் கிடக்கிறது, வெளியே வருகுதில்லை என்று முறைப்பட்டார். அந்த முறைப்பாட்டை நான் கேட்கத்தான் வேண்டும், கேட்டேன். கொஞ்ச நாளில் பெரிய இயந்திரம் கழன்று போனது. வெளியில் சில குழாய்த் தலைகளும் தொட்டிகளும் மட்டும் மிஞ்சின. கம்பெனி தொடங்க முன்னம் ஒரு தரம், முடிந்த பின்னம் ஒரு தரம் அவர் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று லோயர் எழுதுவித்திருந்தார். இரண்டு முறையும் ஒன்றுதான் என்று மறுமொழி வந்தது.

என் பங்கு இப்போது மாதாமாதம் வருகிறது. ஒரு மாதம் கூட, ஒரு மாதம் குறைய. கேஸ் விலை ஏறி இறங்குவதைப் பொறுத்தது என்று மகள் விளக்கினாள். வருகிற கணக்குத் தாளில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். இந்த வீட்டுக் கேஸ் பில்லை நான்தான் கட்டுகிறேன். மகள் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. குளிர் நாட்களில் ஹீற்றரைக் கூட்டும்போது, அண்ணை எனக்குப் போர்வை இழுத்து மூடிவிடுவது போல ஓர் எண்ணம் வரும். அவர் இதைக் கேட்டால் இதற்கும் ஏதாவது பகிடி சொல்லுவார்.

தண்ணீர் பரிசோதனை முடிந்த கிழமை அந்த அம்மா வீடியோவில் வந்தார். அதுவரை குரலைத்தான் தெரியும். மெலிந்த ஆள், காற்சட்டை, தலையில் தொப்பி. என்னைப் பார்த்ததும் என்னவோ சொல்லிச் சிரித்தார்.

"உங்கட பங்கைக் காட்ட ஏலாதாம் அம்மா. தன்ட பங்கைக் காட்டுறாவாம், பாக்கட்டாம்."

போனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். படம் குலுங்கியது. தகரக் கூரை வந்தது, மரம் வந்தது, நான் மேலேயிருந்து மட்டும் கண்ட சிவப்பு வாகனம் பக்கவாட்டில் வந்தது. பிறகு ஒரு சின்னக் கொட்டில், அதற்குள் பம்ப், சுவரில் ஒரு பைப். பைப்பைத் திறந்தார். முதலில் காற்றோடு சீறியது, பிறகு தண்ணீர் ஒரே கயிறாக விழுந்தது. ஒரு தகரக் கோப்பையில் பிடித்துப் போனுக்கு முன்னால் நீட்டினார். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்தால் மட்டும் எனக்குப் போதாது.

"குடிக்கச் சொல்லு," என்றேன்.

மகளுக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னாள். அந்த அம்மா கோப்பையைத் தூக்கி, தொண்டை அசைவது தெரியக் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"எப்பிடி இருக்கு எண்டு கேள்."

"இரும்பு ருசியாம் அம்மா. ஆனால் எப்பவும் அப்பிடித்தானாம்."

கோப்பையில் மிச்சம் இருந்ததை அவர் நாயின் சட்டியில் ஊற்றினார். நாய் எங்கிருந்தோ ஓடிவந்து குடித்தது.